விரதம் காக்கும் ஊரில் கூடும் எடை

புரட்டாசி நெருங்கும்போது குலசேகரன்பட்டினத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் இளைஞர்கள் மாலை போட்டுக்கொள்கிறார்கள். அவ்வூர்க் கோயில் தசராவில் முத்தாரம்மனுக்கு வேடம் கட்டுவதாக நேர்ந்துகொண்டவர்களில் காளி வேடம் போடுவோர் நாற்பது நாளுக்கும் மேலாக விரதம் இருப்பது வழக்கம். மற்ற வேடங்களுக்கு அவரவர் நேர்ச்சைப்படி நாள் குறையும். மீன் மணக்கும் கடற்கரையில் மீனைத் தொடாமல், கடைத்தீனியின் பக்கம் போகாமல், குறித்த நேரத்தில் குறித்ததை மட்டும் உண்டு நாளைக் கடத்துகிறார்கள். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளும் இந்தக் கூட்டத்தில் உண்டு. ஆண்டின் மற்ற மாதங்களில் இதே வயதினர் மீது பெரியவர்கள் வைக்கும் குற்றச்சாட்டு ஒன்றுதான்: வாயைக் கட்டத் தெரியாமல் கண்டதையும் தின்று உடம்பைப் பெருக்கிக்கொள்கிறார்கள். புரட்டாசியில் இருக்கும் கட்டுப்பாடு கார்த்திகையில் எங்கே போகிறது? கல்லூரி வயதில் எடை கூடுவது பற்றிய பேச்சு முழுவதும் இந்தக் கேள்வியில் அடங்கும் என்பது என் எண்ணம். பிள்ளைகளின் மனம் ஆண்டுக்கு ஒருமுறை திடப்பட்டு மறுபடி தளர்வதில்லை. அவர்களைச் சூழ்ந்திருக்கும் நேரமும் இடமும் துணையும்தான் மாறுகின்றன. எடை கூடுவதற்கான காரணத்தையும் அதற்கான மருந்தையும் முதலில் தேட வேண்டிய இடம் அதுவே.

முதலில் பிரச்சினையின் அளவைப் பார்க்கலாம். 2015-16இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 30.9 சதவீதம் பேர் அதிக எடையுடனோ உடல் பருமனுடனோ இருந்தார்கள். 2019-21 ஆய்வில் அது 40.4 சதவீதம். ஆண்களில் 28.2 சதவீதம் 37.0 ஆனது. நாடு முழுவதற்குமான சராசரி பெண்களுக்கு 24.0, ஆண்களுக்கு 22.9 மட்டுமே. இந்த ஆய்வு அதிக எடைக்கு எல்லையாகக் கொண்டது உடல் நிறை குறியீட்டெண் 25. அதாவது எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்து, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண். இந்தியர்களுக்கு அந்த எல்லை 23ஆக இருக்க வேண்டும் என்று நம் மருத்துவர்கள் 2009லேயே பரிந்துரைத்துவிட்டார்கள். அந்தக் கோலால் அளந்தால் எண்ணிக்கை இன்னும் உயரும். இவர்களெல்லாம் கல்லூரி மாணவர்கள் இல்லையே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் வயதுவாரியாகப் பார்த்தால் பதின்ம வயதின் இறுதியில் இந்தச் சுமை மிகக் குறைவு. முப்பதுகளில் செங்குத்தாக ஏறிவிடுகிறது. ஏற்றம் தொடங்குவது இடைப்பட்ட ஆண்டுகளில், பள்ளி முடிந்து கல்லூரியும் வேலையும் தொடங்கும் ஆண்டுகளில். நாற்பது வயதில் மருத்துவரிடம் எடுத்துப்போகும் உடம்புக்கு அடித்தளம் போடப்படுவது இருபதில்தான்.

கல்லூரியில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே பதினைந்து பவுண்டு, அதாவது ஏறக்குறைய ஏழு கிலோ, கூடிவிடும் என்று அமெரிக்காவில் ஒரு நம்பிக்கை நெடுநாளாக உண்டு. ஆய்வாளர்கள் அளந்து பார்த்தபோது அது மிகை என்று தெரிந்தது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளியான கணக்கின்படி முதலாண்டு மாணவர்களுக்குக் கூடிய சராசரி எடை 1.36 கிலோ. ஆனால் சராசரி ஓர் உண்மையை மறைக்கிறது. பத்தில் ஆறு பேருக்கு எடை கூடியிருந்தது. கூடியவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் சராசரி 3.38 கிலோ. ஏழு கிலோ கூடினால் சட்டை பத்தாது, வீட்டில் கேட்பார்கள், கண்ணாடியும் சொல்லும். ஒன்றரைக் கிலோவை யாரும் கவனிப்பதில்லை. ஆண்டுக்கு ஒன்றரை என்று மூன்றாண்டுப் படிப்பில் நாலரைக் கிலோ சேர்ந்து, அதைச் சேர்த்த பழக்கங்களும் கூடவே வேலைக்குப் போகும்போதுதான் அதன் கனம் தெரிகிறது. ஆகவே இது ஓர் ஆண்டின் விபத்தன்று. அன்றாடத்தின் சிறு கசிவு.

அந்தக் கசிவு எங்கே இருக்கிறது என்று இந்தக் கரையின் மாணவர் ஒருவருடைய நாளை வைத்தே சொல்லலாம். குலசேகரன்பட்டினம், மணப்பாடு, உடன்குடிப் பக்கத்துப் பிள்ளைகள் திருச்செந்தூரில் 1965இல் தொடங்கிய ஆதித்தனார் கல்லூரிக்கோ, அதைச் சூழ்ந்த பிற கல்லூரிகளுக்கோ, இன்னும் தள்ளித் தூத்துக்குடிக்கோ பேருந்தில் போகிறார்கள். காலைப் பேருந்துக்கு ஓடும் அவசரத்தில் முதலில் கைவிடப்படுவது காலை உணவு. பதினொரு மணி இடைவேளையில் அந்தப் பசியை அடைப்பது பப்ஸும் டீயும். மதியத்துக்குத் தூக்குச்சட்டியில் அமுக்கி வைத்த சோறு; சில நாள் அதுவும் இல்லாமல் பிரைடு ரைஸ். மாலையில் வீடு திரும்பும் வழியில் வடையும் பஜ்ஜியும். தூத்துக்குடியில் அறை எடுத்தோ விடுதியிலோ தங்கியிருப்பவர்களுக்கு, ஊர்க்காரர்கள் நைட் கிளப் என்றே அழைக்கும் இரவுக் கடைகளில் பொரித்த புரோட்டாவும் சால்னாவும். பிறகு நள்ளிரவு தாண்டியும் கைபேசி. இதில் எதுவும் பெரும் பாவமில்லை. ஆனால் நாளின் சாப்பாடு முழுவதும் பகலின் பிற்பகுதிக்கும் இரவுக்கும் தள்ளப்பட்டுவிட்டது. எப்போது, என்ன, எவ்வளவு என்று முடிவெடுப்பது வயிற்றின் கையில் இல்லை, பேருந்தின் கையிலும் கடையின் கையிலும் இருக்கிறது.

இரண்டு சிறு கணக்குகள் போதும். நாளுக்கு நான்கு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்றால் ஏறத்தாழ 40 கிராம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி நாளுக்கு 25 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது. குளிர்பானமோ கேக்கோ தொடுவதற்கு முன்பே டீயிலேயே எல்லை தாண்டிவிட்டது. இரண்டாவது கணக்கு தூக்கத்தைப் பற்றியது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் 2004இல் 12 இளைஞர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டபோது, பத்து மணி நேரம் தூங்கிய நாட்களை விட அவர்களுடைய பசி 24 சதவீதம் கூடியது. வயிறு நிறைந்தது என்று மூளைக்குச் சொல்லும் சுரப்பு குறைந்தது, பசியைத் தூண்டும் சுரப்பு ஏறியது. அவர்கள் அதிகம் நாடியது இனிப்பையும் உப்புத்தீனியையும் மாவுப் பண்டங்களையும். சோதனை சிறியது, சில நாட்களே நடந்தது. அதை வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது. ஆனால் தேர்வுக் காலத்தில் விழித்திருப்பவர்களுக்கு மிக்சர் பாக்கெட் ஏன் பாடப்புத்தகத்தைவிடச் சீக்கிரம் முடிகிறது என்பதற்கு அது ஒரு விளக்கம் தருகிறது.

கடையை மட்டும் குறை சொல்லி வீட்டைத் தப்பவிடுவதும் சரியாகாது. இந்தக் கரையின் சோற்றுத் தட்டு உழைப்பாளியின் தட்டு. காலையும் மாலையும் மரம் மரமாக ஏறி இறங்கிய பனையேறி, மூச்சடக்கிக் கடலடிக்குப் போன முத்துக்குளிப்பவர், உப்பளத்தில் வெயிலோடு வாரியவர், வலை இழுத்தவர் ஆகியோரின் உடம்புக்கு அளந்த சோறு அது. முத்துக்குளிப்பு 1960களின் தொடக்கத்தோடு நின்றுபோனது. பனை ஏறுவோர் ஆண்டுக்காண்டு குறைகிறார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் வகுப்பறையில் ஆறு மணி நேரமும் பேருந்தில் இரண்டு மணி நேரமும் உட்கார்ந்திருக்கிறார்கள். சோற்றின் அளவு பரம்பரையாக வந்தது, உழைப்பு வரவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரும் ஆய்வொன்று 2025இல் வெளியிட்ட கணக்கின்படி, இந்தியர் உண்ணும் ஆற்றலில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது. அதே கழகத்தின் கீழ் இயங்கும் ஊட்டச்சத்து நிறுவனமோ தானியத்திலிருந்து வரும் ஆற்றலை 45 சதவீதத்துக்குள் நிறுத்தச் சொல்கிறது. தட்டில் சோற்றைக் கால் பங்கு குறைத்து அந்த இடத்தைப் பருப்பும் மீனும் காயும் நிரப்பினால் வயிறும் ஏமாறாது. இதற்குப் புதுச் சமையல் எதுவும் கற்க வேண்டாம். தோலுடன் உளுந்து சேர்த்துப் பொங்கும் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் இந்த மாவட்டத்துச் சமையல்தான். மலிவு மீன் என்று ஒதுக்கப்படும் சாளையில் 100 கிராமுக்கு 20 கிராம் அளவில் புரதம் இருக்கிறது. இதயத்துக்கு நல்லதென்று மருத்துவர்கள் சொல்லும் கொழுப்பும் இருக்கிறது. அவித்த பனங்கிழங்கு நார் மிகுந்த தீனி. கொண்டைக்கடலைச் சுண்டல் எந்தக் கடற்கரையிலும் கிடைக்கும்.

இங்கே ஓர் எதிர்வாதம் உடனே எழும்: பாரம்பரிய உணவு எவ்வளவு தின்றாலும் கெடுதல் இல்லை, கெடுத்தது வெள்ளைச் சர்க்கரையும் மைதாவும்தான், கருப்பட்டிக்குத் திரும்பினால் போதும். உடன்குடிக் கருப்பட்டி புவிசார் குறியீடு பெற்ற பண்டம். அதன் மணத்தையும் அதை நம்பியிருக்கும் குடும்பங்களையும் மதிக்காதவர் இந்தப் பக்கத்தில் இருக்க முடியாது. ஆனால் உடம்பின் கணக்கு வேறு. கருப்பட்டியும் பெரும்பகுதி சர்க்கரைதான். இந்த ஊரே அதற்குச் சாட்சி. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரி நிறுவனத்தார் குலசேகரன்பட்டினத்தில் பனைவெல்லத்திலிருந்து சர்க்கரை எடுக்கும் ஆலை நடத்தினார்கள். அதற்காகத் திசையன்விளை வரை சிறு ரயில்பாதையும் போட்டார்கள். 1940 வரை அந்த ரயில் ஓடியது. பனையில் சர்க்கரை இல்லாமல் அந்த ஆலை எப்படி ஓடியிருக்கும்? கருப்பட்டியில் சிறிது தாதுச்சத்து உண்டு, சுவை அழுத்தம் என்பதால் சிலர் குறைவாகப் போட்டுக்கொள்வார்கள். அந்த அளவுக்கு நன்மை. கருப்பட்டிக் காப்பி என்ற பெயரில் நாளுக்கு நான்கு முறை இனித்தால் எடை பெயரைக் கேட்டு விலகிப் போகாது. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கும் இதுவே பொருந்தும்: ஒரு துண்டு நல்ல தீனி, ஒரு பாக்கெட் ஒரு வேளைச் சாப்பாடு.

அதே நேரம், ஆலையில் செய்து பொட்டலத்தில் வரும் தீனி தனிவகை ஆபத்து என்பதற்குச் சான்று வலுவாகவே இருக்கிறது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 2019இல் வெளியிட்ட சோதனையில் 20 பேரை மருத்துவமனையிலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் மிகையாகப் பதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவும் கொடுத்தார்கள். இரண்டிலும் பரிமாறிய ஆற்றலும் சர்க்கரையும் கொழுப்பும் நாரும் சமம். விரும்பிய அளவு உண்ணலாம். பதப்படுத்திய உணவு தந்த வாரங்களில் அவர்கள் நாளுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாக உண்டு, சராசரி 0.9 கிலோ ஏறினார்கள். மற்ற இரண்டு வாரத்தில் அதே அளவு இறங்கினார்கள். ஆட்கள் மாறவில்லை, மன உறுதி மாறவில்லை. முன்னால் வைத்த உணவுதான் மாறியது. மாலை போட்ட பிள்ளைகளைப் பற்றிக் கேட்ட கேள்விக்கு ஆய்வுக்கூடம் தந்த விடையாக இதைக் கொள்ளலாம். கல்லூரி வளாகங்களில் இத்தகைய தீனியை விற்க விடக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2016இலும் மறுபடி 2018இலும் சுற்றறிக்கை அனுப்பியது. இரண்டாம் முறை நினைவூட்ட வேண்டியிருந்தது என்பதே முதல் சுற்றறிக்கையின் கதி என்ன என்பதைச் சொல்கிறது. தடை மட்டும் போதாது, மாற்றும் வேண்டும். பப்ஸை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சுண்டல் வைக்காத கேன்டீனின் மாணவர், வாசலுக்கு வெளியே உள்ள பெட்டிக்கடையில் அதே பப்ஸை வாங்குவார்.

குண்டாக இருப்பது எங்கள் குடும்பவாகு என்பது அடுத்த எதிர்வாதம். மரபுக்குப் பங்கு உண்டு. ஒரே தட்டில் உண்ணும் இருவரில் ஒருவர் பருப்பதையும் மற்றவர் பருக்காததையும் வேறு எப்படி விளக்குவது? ஆனால் ஒரு மாநிலத்தின் மரபணு ஐந்தாண்டில் மாறாது. 30.9 சதவீதம் 40.4 ஆனது ஐந்தாண்டில். வாகு விதை என்றால் வாழ்க்கைமுறை மழை; நாம் கை வைக்கக்கூடியது இரண்டாவதில். வயதுப் பிள்ளை, கல்லைத் தின்றாலும் செரிக்கும் என்ற ஆறுதலும் அதே அளவு பழையது. செரிப்பது வேறு, சேராமல் போவது வேறு. குறைந்த எடையிலேயே வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்வது நம் மக்களின் உடற்பாங்கு. அதனால்தான் இடுப்புச் சுற்றளவுக்கு ஆண்களில் 90 சென்டிமீட்டர், பெண்களில் 80 என்று நமக்குத் தனி எல்லை வகுத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு என்று 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு சொல்கிறது. கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளிய இருபது வயதுக்காரர் தன்னை ஒல்லி என்று நம்பிக்கொண்டிருப்பது அதனால் ஆபத்து.

நல்ல சாப்பாடு பணக்காரர்களுக்குத்தானே என்ற எதிர்வாதத்துக்குப் பாதி நியாயம் உண்டு. ஆப்பிள், பாதாம், ஓட்ஸ், விலையுயர்ந்த புரத மாவு என்று கைபேசியில் போதிக்கப்படும் பட்டியலை மீனவர் வீட்டுப் பிள்ளையோ உப்பளத் தொழிலாளி வீட்டுப் பிள்ளையோ வாங்க முடியாது, வாங்கவும் வேண்டியதில்லை. 55 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளுக்குத் தேவையான புரதம் ஏறத்தாழ 46 கிராம். இரண்டு முட்டை, ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ஒரு கிண்ணம் பருப்பு, இரண்டு மூன்று சாளை, இவற்றோடு சோறும் மோரும் தரும் புரதம் சேர்ந்தால் அந்த எண்ணிக்கை நிறைந்துவிடும். கொய்யாவும் முருங்கைக்கீரையும் இந்தச் செம்மண் தேரிப் பக்கத்தில் அரிய பொருட்கள் இல்லை. பணத்தைவிட அரிதாக இருப்பது நேரமும் அடுப்பும். விடியற்காலை கடலுக்குப் போய்விட்ட அப்பாவும், ஏலத்துக்கோ கூலிவேலைக்கோ போகும் அம்மாவும் உள்ள வீட்டில் காலையில் யார் சமைப்பது? விடுதி அறையில் அடுப்பே கூடாது என்று விதி இருக்கும்போது முட்டையை எங்கே அவிப்பது? இவற்றுக்கு விடை சொல்லாமல் சத்தான உணவு உண்ணுங்கள் என்று சுவரொட்டி ஒட்டுவது பயனற்றது.

எல்லாவற்றிலும் கனமான எதிர்வாதம் ஒன்று மிச்சமிருக்கிறது: எடை எடை என்று பேசிப் பேசியே பிள்ளைகளை, குறிப்பாகப் பெண்பிள்ளைகளை, வதைக்கிறோம். இதை ஒதுக்கித் தள்ள முடியாது. தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேல், 53.4 சதவீதம் பேர், இரத்தசோகை உள்ளவர்கள் என்று அதே குடும்பநல ஆய்வு சொல்கிறது. அதே மாநிலத்தில் எட்டில் ஒரு பெண்ணுக்கு எடை போதாது. ஒரே வகுப்பில் எடை மிகுந்தவரும் குறைந்தவரும் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கிறார்கள். இருவருக்கும் இரத்தத்தில் இரும்பு குறைந்திருக்கக்கூடும். அங்கே போய் பட்டினி கிட, இரவில் சாப்பிடாதே என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது தீங்கு. கேலி செய்தால் பிள்ளை மெலிவதில்லை; ஒளித்துச் சாப்பிடக் கற்றுக்கொள்கிறது. அம்மனுக்கு இருக்கும் விரதத்தை எடை குறைக்கும் வழியாகப் பார்ப்பதும் அதற்கே இழுக்கு. விரதம் முடிந்து காப்பு களைந்த அடுத்த வாரமே பழைய உணவு திரும்பும்போது எடையும் திரும்பிவிடும். ஆகவே பேச வேண்டியது எடை எந்திரம் காட்டும் எண்ணைப் பற்றி அன்று. வேளை, தட்டு, தூக்கம், நடை பற்றி. ஒல்லிக்கும் பருமனுக்கும் அந்த நான்கும் பொது.

விரதத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது பட்டினியை அன்று, அதன் ஏற்பாட்டை. ஊருக்கு ஊர் தசராக் குழு இருக்கிறது, குடில் போட்டுச் சேர்ந்து தங்குகிறார்கள், இன்ன நேரம், இன்ன சாப்பாடு என்று முன்கூட்டியே தெரியும், சமைப்பவர் இருக்கிறார், வீடும் தெருவும் அதற்கேற்பத் தங்களை மாற்றிக்கொள்கின்றன. ஒவ்வொரு வேளையும் தனியாக ஆசையோடு மல்லுக்கட்ட வேண்டிய தேவையே எழுவதில்லை. இந்த அறிவு தமிழ்நாட்டு அரசுக்கும் புதிதில்லை. காமராசர் 1950களில் மதிய உணவைத் தொடங்கிவைத்த எட்டயபுரம் இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில்தான் இருக்கிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் தொடக்கப்பள்ளிக் குழந்தை வெறும் வயிற்றோடு பாடம் கேட்கக் கூடாது என்று ஏற்றுக்கொண்டது. பத்தாம் வகுப்போடு சத்துணவு முடிகிறது. கல்லூரி வாசலில், காலையில் சாப்பிட்டாயா என்று கேட்க யாருமில்லை. பதினெட்டு வயதானவர் தானே பார்த்துக்கொள்வார் என்பது சட்டத்துக்குச் சரி. பேருந்து ஆறே முக்காலுக்கு என்றால் வயிற்றுக்குச் சரியாவதில்லை.

செய்யக்கூடியவை பெரிதாக இல்லை. முதல் மணி அடிப்பதற்கு முன் அரை மணி நேரம் கேன்டீனில் இட்லி, அவித்த முட்டை, சுண்டல், மோர் ஆகியவை பப்ஸை விடக் குறைந்த விலையில் கிடைக்க வேண்டும். டீயில் சர்க்கரை கேட்டால் மட்டுமே போட வேண்டும். விடுதி மெஸ்ஸில் சோற்றுக்கு முன்னால் காயும் பருப்பும் பரிமாற வேண்டும். விடுதியில் முட்டை அவிக்கவும் பால் காய்ச்சவும் ஒரு பொது அடுப்பு வேண்டும். மைதானம் விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் என்றில்லாமல் மாலை ஆறு வரை எல்லாருக்கும், பெண்களுக்கும், திறந்திருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் கேட்கும் வாரம் 150 நிமிட மிதமான உடற்பயிற்சிக்கு அது போதும். மாணவர் தம் பங்குக்கு இரண்டே முடிவுகள் எடுத்தால் போதும்: காலை உணவை விடுவதில்லை, நள்ளிரவுக்கு முன் படுப்பது. புரோட்டாவை ஒழிக்க வேண்டியதில்லை. வாரம் ஒருமுறை நண்பர்களோடு உண்ணும் விருந்தாக அதை அதன் பழைய இடத்துக்கு அனுப்பினால் போதும். குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட ராக்கெட் ஏவுதளம் எழும்போது இந்தக் கரையில் உட்கார்ந்து செய்யும் வேலைகளும் அவற்றைச் சுற்றிய உணவுக்கடைகளும் கூடும்; இன்று கல்லூரி மாணவர்களிடம் தெரிவது நாளை ஊர் முழுவதிலும் தெரியும். அதற்குள் கல்லூரி நிர்வாகங்கள் இந்த வேலையை ஒரு கேன்டீனிலாவது தொடங்கிப் பார்க்க வேண்டும். நாற்பது நாள் விரதம் காக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு நாம் கட்டுப்பாட்டைக் கற்பிக்க வேண்டியதில்லை. காலை எட்டரை மணிக்கு, சூடாக நான்கு இட்லி கிடைக்க வழி செய்தால் போதும்.